என் பூனையும் மகேஸ்வரியின் தலையும்

என் இடது முழங்கையின் உள்மடிப்பில் முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு வட்டம். நாலணா அகலம் இருக்கும். ஓரம் சற்றுத் தடித்து, பொடிப்பொடியாகச் செதில் விட்டிருந்தது. நடுவில் மட்டும் தோல் சாதாரணமாக இருந்தது. படர்தாமரை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், பீரோவைத் திறந்து முழங்கைக்குக் கீழே வரை நீளும் ரவிக்கை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆஸ்பத்திரியில் எதற்கு இருந்தாய் என்று யாராவது கேட்டால், கையில் ஒரு இன்ஃபெக்ஷன் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். பொய் இல்லை. ஆனால் அது முழுக்கதையும் இல்லை.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தாஸ் மின்சார ரயிலில் கார்டு. தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவிலேயே அவர் பொழுது ஓடிவிடும். நான் சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பிள்ளைகளுக்கு நான் ரெஜினா மிஸ். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. மோத்தி இருந்தது.

மோத்தி ஒரு வெள்ளைப் பூனை. சாதாரணத் தெருப் பூனை இல்லை. உடம்பெல்லாம் பஞ்சு போல நீள மயிர், தட்டை மூக்கு, மஞ்சள் கண். விமானப்படையில் இருந்த ஒரு வடநாட்டுக் குடும்பம் எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது. மாற்றலாகிப் போகும்போது, அவ்வளவு தூரம் ரயிலில் கொண்டுபோக முடியாது என்று அதை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு பழுப்பு நிற பாட்டில். அந்த அம்மாள் பாதி ஆங்கிலமும் பாதி சைகையுமாகச் சொன்னாள்: இதற்கு எப்போதாவது தோலில் கோளாறு வரும், மாதம் ஒருமுறை இந்த மருந்தைப் போட்டுக் குளிப்பாட்டு. நான் தலையாட்டி வாங்கி, குளியலறைப் பரணில் வைத்தேன். பூனையைக் குளிப்பாட்டுவதாவது என்று நினைத்துக்கொண்டேன். அதன் உடம்பில் ஒரு புண் இல்லை, ஒரு சொட்டை இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் எங்கள் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அதில் பெருமை.

துவைத்து மடித்து வைத்த சேலைகளின் மேல்தான் அது படுத்துத் தூங்கும். நான் அதைத் தூக்கிவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை மயிரைக் கையால் தட்டிவிட்டு, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவேன்.

வட்டம் வந்த இரண்டு வாரத்தில் தாஸுக்கும் தொடையில் ஒன்று வந்தது. "பீச்ல கார்டுங்க தூங்கற ரன்னிங் ரூம் படுக்கையிலேருந்து ஒட்டிக்கிட்டிருக்கும். எவன் எவனோ படுக்கறான்" என்றார். நானும் அப்படியே நம்ப விரும்பினேன். மருந்துக் கடையில் போய்க் கையைக் காட்டாமல், "அரிப்புக்கு ஏதாவது களிம்பு குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். தடவியவுடன் அரிப்பு அடங்கியது, சிவப்பு மங்கியது. நல்ல மருந்து என்று இரண்டு வேளையும் தடவினேன். ஒரு மாதத்தில் வட்டம் வட்டமாகவே இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கலங்கலாகப் பரவிவிட்டது.

என் வகுப்பில் மகேஸ்வரி என்று ஒரு குழந்தை. நாலு வயது. காலையில் அம்மா விட்டுவிட்டுப் போனதும் அழ ஆரம்பித்தால் பிரேயர் முடியும்வரை நிறுத்தாது. நான் மடியில் போட்டுத் தட்டினால்தான் அடங்கும். என் இடது கை மடிப்பில் தலையை வைத்து, சேலைத் தலைப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பிக்கொண்டே தூங்கிவிடும். தினமும் அப்படித்தான். இடது கை மடிப்பு என்று எழுதும்போதே எனக்குக் கை நிற்கிறது.

இரண்டு பிள்ளைகளுக்குக் கழுத்திலும் கன்னத்திலும் வட்டம் வந்தது. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பு வகுப்பாக வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தார். மகேஸ்வரியின் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு இடத்தில் முடி பொடிந்து, சாம்பல் நிறத்தில் செதில் படிந்திருந்தது. பள்ளி விடும் நேரம். கேட்டுக்கு வெளியே இருபது அம்மாக்கள் நின்றிருந்தார்கள். மகேஸ்வரியின் அம்மா தேவகியும் நின்றிருந்தார். குரோம்பேட்டையில் தோல் கையுறை தைக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து குழந்தையைக் கூட்டிப் போய்ப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப ஓடுவார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்தக் குழந்தைகிட்டயிருந்துதான் எல்லாருக்கும் பரவியிருக்கு. இவங்க வேலை செய்யறது தோல் கம்பெனி. மாட்டுத் தோல்லேருந்து வராம வேற எங்கேருந்து வரும்? சுத்தமாகற வரைக்கும் ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க."

"நான் தைக்கிற செக்ஷன்ல கீறேன் மேடம். பதப்படுத்தின தோலுதான் எங்க கைக்கு வரும். பச்சத் தோலெல்லாம் எங்க கம்பெனிக்கே வராது" என்றார் தேவகி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து ஒதுங்கினார்கள். நான் நீளக் கை ரவிக்கையோடு ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை; மகேஸ்வரியின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் உள்ளே போய் எடுத்துவந்து தேவகியிடம் கொடுத்தவள் நான்தான்.

அடுத்த வாரமே என் கை வீங்கியது. சொறிந்த இடத்தில் எப்படியோ சீழ் பிடித்து, முழங்கை மடக்க முடியாமல், அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் வந்தது. பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்றார். தாஸ் லீவு போட்டுவிட்டு என்னை நகரத்துக்குக் கூட்டிப்போனார்.

தோல் நோய் என்றால் எந்தப் பிரிவு என்று நான் யோசித்ததே இல்லை. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: தோல் நோய் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு. உள்ளே நீள பெஞ்சுகளில் ஜனங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் சேலைத் தலைப்பைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் காய்ச்சலைவிடப் பெரிதாக இருந்தது. தாஸ் என் பக்கத்தில் உட்காராமல் எதிரே தூணருகே நின்றார். அவருக்கும் அதே கவலைதான்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். வெடுக்கென்று பேசுவார். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன களிம்பு போட்டீங்க?" என்றார். குழாயைக் கொடுத்தேன். ஓரமாகத் தூக்கிப் போட்டார்.

"இது அரிப்பை அமுக்கும், அவ்வளவுதான். உள்ள இருக்கற பூஞ்சைக்காளானுக்கு இது தீனி. பயிருக்கு உரம் போடற மாதிரி போட்டு வளர்த்திருக்கீங்க. இப்ப மேல வேற கிருமி சேர்ந்து சீழ் பிடிச்சிருக்கு. அட்மிட் ஆகணும்."

தோலைக் கத்தியால் லேசாகச் சுரண்டி, அந்தச் செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நூல் நூலாகத் தெரிகிறதாம், அதுதான் காளான். நம் தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள செத்த பகுதியைத் தின்று வாழ்கிறது என்றார். 

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. காலையும் மாலையும் ஊசி. பர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரில் கையை ஊறவைத்துத் துணி சுற்ற வேண்டும். காளானுக்குத் தனியாக மாத்திரை. அது கொழுப்போடு போனால்தான் உடம்பில் சேருமாம், அதனால் பால் குடித்துவிட்டுப் போடச் சொன்னார்கள். ஒரு கையால் நான் சேலை கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. தாஸ் டியூட்டிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் டிபன் கேரியரோடு வந்து, அவருக்குத் தெரிந்த அழகில் எனக்குத் தலை பின்னிவிட்டுப் போவார். மூன்று கால் சமமாகவே வராது. அதற்கு ஒருநாள் அழுதேன்.

மூன்றாம் நாள் பகல் வார்டுக்குள் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. அந்த அழுகை எனக்குப் பழக்கமானது. திரும்புவதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

தேவகி தோளில் மகேஸ்வரி. தலையை மொட்டையடித்திருந்தார்கள். பின்னுச்சியில் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு வீக்கம். சிவந்து, மெத்தென்று, பல கண்களில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் நெறி. கொப்புளம் என்று நினைத்து எங்கோ ஒரு கிளினிக்கில் கீறிவிட்டிருக்கிறார்கள். அது ஆறாமல் இன்னும் பெருத்துவிட்டது.

தேவகி என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "ஐயோ டீச்சர், நீங்க இங்க இன்னா பண்றீங்க? கைக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இன்ஃபெக்ஷன்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என் கையில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வாயில் தானே லேசாக அடித்துக்கொண்டார். "எம் பொண்ணாண்டேந்துதான் உங்களுக்கும் வந்துட்ச்சா? உங்க மடிலேயே படுத்துக்கினு இருந்துச்சே. மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் "பரவாயில்லை" என்றேன். ஆமாம், அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டதும் தேவகிதான். தாஸ் இல்லாத வேளையில் வெந்நீர் பிடித்து வருவார். ஊதாத் தண்ணீர் கலந்து, சூடு பார்த்து, என் கையில் மெதுவாக ஊற்றுவார். என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவிழ்த்து ஒழுங்காகப் பின்னிவிட்டார். மகேஸ்வரிக்கு வாங்கின பாலில் பாதியை என் டம்ளரில் ஊற்றி, "மாத்திரைக்குப் பாலு வோணும்ல டீச்சர்" என்பார். நான் குடித்தேன்.

மகேஸ்வரிக்கு என்னைப் பார்த்ததில் ஒரே சந்தோஷம். மொட்டைத் தலையோடு என் கட்டிலருகே வந்து, "மிஸ், நாளிக்கி ஸ்கூலு கீதா?" என்று கேட்கும்.

நாலாம் நாள் டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்கு வரச் சொன்னார். ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. கதவைச் சாத்தியதும் ஒன்றும் தெரியவில்லை. கையில் பிடிக்கும் ஒரு விளக்கைப் போட்டார். மங்கலான ஊதா வெளிச்சம். தேவகியின் மடியில் மகேஸ்வரி. வீக்கத்தைச் சுற்றி இருந்த முடியின் கட்டைகளில் விளக்கைக் காட்டினார்.

அத்தனையும் பச்சையாக மினுங்கின. இலைப் பச்சை இல்லை. ஆப்பிள் காயின் வெளிர் பச்சை. இருட்டில் அந்தச் சின்னத் தலையில் பச்சைப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன.

"எல்லாப் படர்தாமரையும் இப்படி மினுங்காது. பூனைகிட்டயிருந்து வர்ற காளான்தான் அனேகமா இந்தப் பச்சையைக் காட்டும். மாட்டுத் தோலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் டாக்டர். "சில பேருக்கு உடம்பு இதை எதிர்த்துக் கடுமையா சண்டை போடும். அப்பதான் இப்படி வீங்கிச் சீழ் கட்டும். இதைக் கெரியன்னு சொல்லுவோம். கீறவே கூடாது. மாத்திரையிலயே கரையும்."

அடுத்து என் கை. மணிக்கட்டுக்கு மேலே மெல்லிய இரண்டு மூன்று முடிகள் அதே பச்சையில் தெரிந்தன.

"ரெண்டும் ஒண்ணுதான். யார் வீட்ல பூனை இருக்கு?"

பரணில் இருந்த பழுப்பு பாட்டில் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சேலை அடுக்கின் மேல் சுருண்டு படுத்திருக்கும் மோத்தி கண்ணில் வந்தது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"எங்க வீட்ல இல்ல டாக்டர்" என்றேன். இருட்டில் என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

தேவகி யோசித்தார். "எங்க வூட்டாண்ட ஒரு பூனை சுத்திக்கினு கீது டாக்டரம்மா. கூரை மேல வந்து குந்திக்கும். அதுவா இருக்குமா?"

"இருக்கலாம். குழந்தையைத் தொட விடாதீங்க" என்று டாக்டர் விளக்கை அணைத்தார்.

மறுநாள் தேவகியின் தம்பி சாப்பாடு கொண்டுவந்தான். அவன் போனபிறகு தேவகி என்னிடம் சொன்னார்: "அந்தப் பூனைய அட்ச்சித் தொரத்திட்டானாம் டீச்சர். காலு ஒட்ஞ்சிப் பூட்ச்சாம். பாவம்தான். ஆனா எம் பொண்ணு தலையப் பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து வேறொன்றும் சொன்னார். "கம்பெனிலேந்து நின்னுட்டேன். மேடம் அப்டி சொன்னாங்களே, அன்னிக்கே நின்னுட்டேன். என் துணில ஒட்டிக்கினு வந்துதோன்னு பயமாப் பூட்ச்சு. இப்ப டாக்டரம்மா அது இல்லன்றாங்க. ஆனா எம் மெஷின்ல வேற ஆளு குந்திடிச்சு."

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் தாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் தொடையைத் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் நாலு நாள்ல டிஸ்சார்ஜ். பூனையை நான் எங்கேயாவது தூரத்துல விட்டுட்டு வந்துடறேன். இதை யார்கிட்டயும் சொல்லாதே. உன் வேலை போயிடும், தெருவுல தலைகாட்ட முடியாது" என்றார்.

"விட்ற எடத்துல அது இன்னொரு வீட்டுக்குப் போகும்ங்க. அங்கயும் ஒரு குழந்தை இருக்கும்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றே?"

 அவர் போன பிறகு என் தைரியமும் போய்விட்டது. இன்னும் ஒரு நாள் முழுவதும் சும்மாவே இருந்தேன். தேவகி ஊற்றிய பாலை இன்னும் இரண்டு வேளை குடித்தேன்.

ஏழாம் நாள் காலை தேவகி என் கையில் ஊதாத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வீக்கம் வடிந்து தோல் உரியத் தொடங்கியிருந்தது. "நல்லா காஞ்சிக்கினு வருது டீச்சர். சீக்கிரம் வூட்டுக்குப் பூடலாம்" என்றார்.

"தேவகி, எங்க வீட்ல பூனை இருக்கு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். வெள்ளைப் பூனை, வடநாட்டுக்காரர்கள் கொடுத்தது, சேலை மேல் படுக்கும், அந்தச் சேலையோடுதான் மகேஸ்வரியை மடியில் வைத்திருந்தேன் என்று எல்லாம் சொன்னேன். பாட்டிலைப் பற்றியும் சொன்னேன். சாய்ந்திருந்த குவளை நிமிர்ந்தது. தண்ணீர் வருவது நின்றுபோயிற்று.

"எப்பலேந்து தெரியும்?"

"பூனைன்னு அந்த லைட்டைப் பாத்தப்பதான் தெரியும். ஆனா கையில இருக்கறது படர்தாமரைன்னு மொதல்லயே தெரியும்."

"அன்னிக்கி கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தீங்களே. அப்பவும் கைல இருந்திச்சா?"

"இருந்தது."

அவர் என் கையையே பார்த்தார். பிறகு குவளையைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, மகேஸ்வரியின் கட்டிலுக்குப் போய்விட்டார். மீதித் தண்ணீரை நானே வலது கையால் ஊற்றிக்கொண்டேன்.

அன்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த வார்டுல தெனமும் எனக்கு யாராவது பொய் சொல்றாங்கம்மா. ஆனா டீச்சர் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கல." பூனையை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நீள மயிர்ப் பூனைகளுக்குச் சில நேரம் வெளியே ஒன்றுமே தெரியாதாம். தான் நன்றாக இருந்துகொண்டு மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம்.

இரண்டு நாள் தேவகி என்னோடு பேசவில்லை. மகேஸ்வரி என் பக்கம் வந்தால், "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டுவிடுவார். குழந்தைக்கு ஏன் என்று விளங்கவில்லை. அங்கிருந்தே எனக்குக் கையாட்டும். வார்டில் மற்றப் பெண்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் எனக்கு டிஸ்சார்ஜ். துணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது தேவகி வந்து நின்றார்.

"எங்கிட்ட சொன்னா பத்தாது டீச்சர். அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி சொன்னாங்கல்ல. எம் பொண்ணுதான் பரப்பிச்சுன்னு, எங்க வூடு சுத்தமில்லன்னு. அதே எடத்துல நீங்க சொல்லணும். நானும் வந்து நிப்பேன்."

"சொல்றேன்" என்றேன்.

மோத்தியை தாஸ் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுபோனார். வேப்பேரியிலும் அதே ஊதா விளக்கு. காதோரத்திலும் முன்னங்கால்களிலும் மயிர் பச்சையாக மினுங்கியதாம். உடம்பு முழுக்கச் சிரைத்து, மாத்திரை கொடுத்து, மருந்து நீரில் வாரம் இருமுறை குளிப்பாட்டச் சொன்னார்கள். சிரைத்தபின் அது எலும்பும் தோலுமாக, பெரிய எலி மாதிரி இருந்தது. பின்கட்டில் அடைத்து வைத்தோம். சேலைகளை எல்லாம் கொதிநீரில் போட்டுத் துவைத்தேன், சிலதை எரித்தேன். மகேஸ்வரி பிடித்துக்கொண்டு தூங்கும் அந்த நீலச் சேலை எரித்ததில் ஒன்று.

மகேஸ்வரிக்கு மேலும் இரண்டு வாரம் கழித்துத்தான் டிஸ்சார்ஜ். அதற்கடுத்த திங்கட்கிழமை, பள்ளி விடும் நேரம், கேட்டருகே போய் நின்றேன். நான் இன்னும் மருத்துவ விடுப்பில்தான் இருந்தேன். சாதாரணக் கை ரவிக்கை போட்டிருந்தேன். கையில் தழும்புகள் பழுப்பாகத் தெரிந்தன. தேவகி மகேஸ்வரியோடு எதிர்ப்புறம் நின்றார். குழந்தையின் தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப். வீக்கம் போய்விட்டது, ஆனால் ஓரிடத்தில் இனி முடி முளைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எந்த வார்த்தைகளில் பேசினேன் என்பது சரியாக நினைவில்லை.  நோய் மகேஸ்வரியிடமிருந்து வரவில்லை, என் வீட்டுப் பூனையிடமிருந்து என்னால் வந்தது, தோல் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அன்று எனக்குக் கையில் இருப்பது தெரிந்தும் நான் பேசாமல் நின்றேன் என்று சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். அம்மாக்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு அம்மாள், "அப்ப அந்தப் பூனைய என்ன பண்ணீங்க?" என்றாள். இன்னொருத்தி, "இன்னும் வீட்லதான் வெச்சிருக்காங்களா?" என்றாள். என் பையனைத் தொட்டீர்களா, என் பெண்ணைத் தொட்டீர்களா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எதிர்ப்புறம் நின்ற தேவகியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் சத்தம் கேட்டு வந்தார். "ரெஜினா, உள்ள வாங்க. ரோட்ல நின்னு இதென்ன?"

"அவங்களையும் கூப்பிடுங்க மேடம்."

"அவங்க எதுக்கு?"

நான் நகரவில்லை. கடைசியில் அவர் தேவகியைப் பார்த்து, "சரி, நீங்களும் வாங்க" என்றார்.

ஆபீஸ் அறையில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் ராஜினாமாக் கடிதம் கேட்டார். நான் எழுதித்தான் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். பிறகு தேவகியிடம், "டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வந்தீங்கன்னா குழந்தையைச் சேர்த்துக்கலாம்" என்றார், பெரிய மனது பண்ணுகிற மாதிரி.

தேவகி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. "வோணாம் மேடம். டி.சி. குடுத்துடுங்க."

"வருஷ நடுவுல எங்க சேர்ப்பீங்க?"

"அத்த நான் பாத்துக்கறேன்."

டி.சி. எழுதி முடியும்வரை மேஜை முன்னால் காத்திருந்தோம். மகேஸ்வரி மட்டும் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டி ஏ, பி, சி என்று சொல்லிக்கொண்டிருந்தது. எஃப் வரை சரியாகச் சொன்னது. அடுத்தது என்ன என்று வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி அதன் கையைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனார்.

நானும் பின்னால் போனேன். கேட்டில் இப்போது யாரும் இல்லை. தேவகி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சற்றுத் தயங்கித் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"மாத்திரைய நடுவுல வுட்டுடாதீங்க" என்றார். "ஆறு வாரம் போட சொல்லிக்கீறாங்க டாக்டரம்மா. நல்லாயிட்ச்சுன்னு வுட்டா திரும்பி வந்துடுமாம்."

நான் தலையாட்டினேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னதையும் கேட்டில் சொன்னதையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். என் கை, என் பூனை, என் தப்பு என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டிருக்கவில்லை. அது உறைத்தபோது அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டிருந்தார்கள்.